ரெண்டு லிஸ்ட் கொடுங்க... ஒரு நியூஸ் ரெடி!

கோடிங் கொஞ்சம் வரும். கேள்வி நிறைய வரும். 'இவன் ஏன்டா எல்லாத்தையும் நோண்டுறான்?' என்று ஹாஸ்டலில் பெயர் எடுத்தவரா நீங்கள்? உங்களுக்காகவே ஒரு வேலை இருக்கு பாஸ்!

வீட்டில் கரன்ட் போனால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் பாக்ஸிலிருந்து வெள்ளையாக ஒன்றை உருவி, கம்பி சுற்றித் திரும்பச் சொருகுவாரே... அந்த ஃபியூஸ் கேரியரை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? கார்த்திகைக்கு வாசலில் வைக்கும் பீங்கான் அகல், கொலுவில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை, பாட்டியின் ஊறுகாய் ஜாடி... இதில் ஏதோ ஒன்று எங்கள் ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

எங்க ஊர் விருத்தாசலம். கடலூர் மாவட்டம். விழுப்புரம் - திருச்சி ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்து போவீர்களே, அந்த ஜங்ஷன்தான். பழமலைநாதர் கோயில் ஃபேமஸ். 2006-ல் விஜயகாந்த் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆன தொகுதி. இதெல்லாம் போக, இது பீங்கான் ஊர். தனித் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ கொடுக்கும் அரசுக் கல்லூரி இருக்கு, தெருவுக்குத் தெரு பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் கைகள் இருக்கு.

சரி, இப்போ சில கேள்விகள். இந்த ஊரில் பீங்கான் வேலையை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள்? 20 வருடத்தில் எத்தனை சூளைகள் அணைந்தன? அணைந்த சூளையில் வேலை பார்த்தவர் இப்போது என்ன செய்கிறார்? வெள்ளை மாவு பறக்கும் ஷெட்டில் 25 வருடம் நின்றவரின் நெஞ்சு எப்படி இருக்கிறது?

'அது யாருக்குப்பா தெரியும்?' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகலாம். 'தெரிஞ்சே ஆகணுமே' என்று கிளம்பவும் செய்யலாம். ரெண்டாவது ரகம் என்றால், கை கொடுங்க. உங்களுக்கான வேலையின் பெயர், தரவு இதழியல். கூடவே அதன் அண்ணன், புலனாய்வு இதழியல்.

பெயரைக் கேட்டுப் பயப்படாதீங்க!

'டேட்டா ஜர்னலிசம்' என்றதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட, ஹூடி போட்ட ஒருவர் ஹேக் பண்ணுவார் என்று நினைக்கிறீர்களா? சாரி! பெரும்பாலான நாட்களில் இந்த வேலை, ஒரு எக்செல் ஷீட், ஒரு நோட்டு, அரசு அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்ச். அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. 1821-ல் இங்கிலாந்தில் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையின் முதல் இதழிலேயே ஒரு அட்டவணை வந்தது. அந்த ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கட்டணம் என்ற லிஸ்ட். இலவசமாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை, அதுவரை சொல்லப்பட்டதைவிட மிக அதிகம் என்று அந்த அட்டவணை காட்டிக் கொடுத்தது. பிறகு 1967-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கலவரம் வெடித்தபோது, ஃபிலிப் மேயர் என்ற நிருபர் மக்களிடம் சர்வே எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார். 'படிக்காதவங்கதான் கலவரம் பண்ணாங்க' என்ற பேச்சு பொய் என்று தெரிந்தது. கல்லூரி வாசலை மிதித்தவர்களும் அதே அளவுக்கு அதில் இருந்தார்கள்!

இரண்டு கதையிலும் ஒரே சூத்திரம்தான். ஊர் நம்பும் கணக்கு ஒரு பக்கம். எண்ணிப் பார்த்த கணக்கு இன்னொரு பக்கம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இடைவெளி தெரிகிறதா? அங்கேதான் நியூஸ் இருக்கு.

ஜாயின் போட்ட கதை

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, டி.பி.எம்.எஸ். பேப்பரில் 'ஜாயின்' படித்தது ஞாபகம் இருக்கா? ரெண்டு டேபிள், ரெண்டுக்கும் பொதுவான ஒரு 'கீ', அதை வைத்து ஒட்டு. பதிமூன்று மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். அந்த ஜாயின்தான் 2024-ல் நாட்டையே உலுக்கியது.

தேர்தல் பத்திரம் தெரியும்தானே? 2018-ல் நடைமுறைக்கு வந்த திட்டம். ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது மட்டும் மக்களுக்குத் தெரியாது. அந்த ஏப்ரலிலேயே 'தி க்விண்ட்' இணைய இதழின் நிருபர் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபாய் பத்திரம் ரெண்டு வாங்கினார். நேராகத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்! ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒவ்வொரு எண். அதாவது, 'கீ' அங்கேயே இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. வாங்கியவர் விவரமும் கட்சிகளின் விவரமும் தனித்தனியாக இருக்கின்றன, பொருத்திப் பார்க்க நேரம் வேண்டும் என்று ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் ரெண்டு லிஸ்ட் வெளியிட்டது. ஒன்றில் வாங்கியவர்கள், இன்னொன்றில் கட்சிகள். ஆனால், அந்த எண் இல்லை! கோர்ட் மறுபடி அதட்டியது. மார்ச் 21 அன்று எண்களோடு முழு விவரமும் வந்தது.

அப்புறம் என்ன? ரெண்டு டேபிளையும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. 'தி நியூஸ் மினிட்', 'ஸ்க்ரோல்', 'நியூஸ்லாண்ட்ரி' ஆகிய மூன்றும் போட்டியை மறந்து, தனியாகச் செயல்படும் நிருபர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே டீமாக உட்கார்ந்து வேலை பார்த்தன. அதிகமாகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் எது தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங். 1,368 கோடி ரூபாய்!

இங்கே ஒரு பிரேக் போடுங்க. ஒரு கம்பெனியில் ரெய்டு நடந்த தேதியும், அது பத்திரம் வாங்கிய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அதனாலேயே 'லஞ்சம்' என்று தலைப்பு போட முடியாது. டேட்டா சந்தேகத்தைக் கிளப்பும். நிரூபிக்க ஆவணம் வேண்டும், ஆட்கள் வேண்டும், எதிர்த்தரப்பின் பதில் வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பெயர்தான் புலனாய்வு.

சாவுக்கும் ரெண்டு லிஸ்ட்

இன்னொரு உதாரணம், 2020 கொரோனா நேரம். தினமும் சாயங்காலம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தமிழக அரசின் அறிக்கை வரும். சென்னை மாநகராட்சியிலோ தனியாக ஒரு மரணப் பதிவேடு. ஜூன் மாதம் நிருபர்கள் ரெண்டையும் ஒப்பிட்டார்கள். மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த பல கொரோனா மரணங்கள், மாநிலக் கணக்கில் இல்லை. செய்தி வந்தது, கமிட்டி போடப்பட்டது. ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்களை அரசே கணக்கில் சேர்த்தது.

444 என்பது ஒரு எண்ணாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் 444 குடும்பங்கள். அவர்களின் அப்பாவும் அம்மாவும் எந்த நோயில் போனார்கள் என்பதை அரசின் கணக்கு அதுவரை சொல்லவே இல்லை. எண்ணப்படாத சாவுக்கு நிவாரணமும் கேட்க முடியாது. ஒரு எக்செல் ஷீட் என்ன செய்யும் என்று இனி யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

ஒரு புரொஃபசரும் ஒரு நிருபரும்

சென்னையில் பிறந்தவர் பி.சாய்நாத். 1996-ல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' புத்தகத்தின் ஆசிரியர். அதற்காக அவர் சுற்றிய மாவட்டங்களில் நம்ம ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. 2007-ல் மகசேசே விருது. 2014-ல் கிராமங்களைப் பற்றி மட்டுமே எழுதும் 'பரி' இணையதளத்தைத் தொடங்கினார்.

விவசாயிகள் தற்கொலை பற்றி அவர் ஊர் ஊராகப் போய் எழுதினார். 'அங்கொண்ணும் இங்கொண்ணும் நடக்கிறதைப் பெருசு பண்றாங்க' என்று சிலர் சொன்னார்கள். அப்போது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த கே.நாகராஜ், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் தடித்தடிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோர் கைக்கும் கிடைக்கிற புத்தகங்கள்தான். வருடம் வருடமாக, மாநிலம் மாநிலமாகக் கூட்டினார். 1997 முதல் 2006 வரை பத்து வருடங்களில் 1,66,304 விவசாயிகள். கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள்... ஒரு நாளைக்குச் சராசரியாக 45 பேர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே மாநிலங்களில்!

நாகராஜ் அதோடு விடவில்லை. 'இந்த எண்ணில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?' என்றும் கேட்டார். பட்டா பெயரில் இல்லாத குத்தகைக்காரர், வயலில் பாடுபடும் பெண் போன்றவர்கள் 'விவசாயி' என்ற கட்டத்துக்குள்ளேயே வராமல் போகலாம். ஆக, கிடைத்த எண்ணே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் டேட்டா ஜர்னலிஸ்ட். கூட்டல் தெரிந்தவர் வேறு.

புரொஃபசரின் எண் இல்லாவிட்டால் நிருபரின் கதைகளை 'சோகக் கதை' என்று ஒதுக்கியிருப்பார்கள். நிருபரின் கதை இல்லாவிட்டால் அந்த எண் லைப்ரரியில் தூங்கியிருக்கும். ரெண்டும் சேர்ந்ததால்தான் நாடு திரும்பிப் பார்த்தது.

லிஸ்ட்டே இல்லைன்னா?

நல்ல கேள்வி! பதில் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரியானால் நாற்றம். புகார் கொடுத்தால், 'என்ன ஆதாரம்?' நாற்றத்துக்கு எப்படி ஆதாரம் காட்டுவது?

2004-ல் அந்தக் கிராமத்துக்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் என்ன வாசனை என்று குறித்து வைத்தார்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை. அந்த வாளியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாக ரிசல்ட் வந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அதில் இருந்தன. 'நாத்தமடிக்குது சார்' என்ற புலம்பல், ஒரே நாளில் 'இன்ன இடம், இன்ன நேரம், இன்ன ரசாயனம்' என்ற அறிக்கை ஆனது. எண்ண ஆள் இல்லையா? நீங்களே எண்ணுங்கள். கடலூர் வாளி சொல்லும் பாடம் இதுதான்.

இப்போ விருத்தாசலத்துக்கு வாங்க

பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் இரண்டையும் அரைத்துச் சேர்க்க வேண்டும். குவார்ட்ஸ் என்றால் சிலிகா. அதன் மெல்லிய தூசு வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் 'சிலிகோசிஸ்' என்ற நோய் வரலாம். வந்தால் குணமாக்க மருந்து இல்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 'கண்டிப்பாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்' என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனால், இருமலும் இளைப்பும் காசநோய் மாதிரியே இருப்பதால், காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நாடு முழுக்க நடக்கும் விஷயம்.

மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய், இந்த நோயோடு ஊர் திரும்பி, ஒவ்வொருவராக இறந்தார்கள். எந்த ஆலையின் ரெஜிஸ்டரிலும் அவர்கள் பெயர் ஒழுங்காக இல்லை. உள்ளூர் அமைப்புகள் வீடு வீடாகப் போய் லிஸ்ட் எடுத்தன. அந்த லிஸ்ட்தான் தேசிய மனித உரிமை ஆணையம் வரை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-ல் இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

எங்கள் ஊரிலும் அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் லிஸ்ட் கிடையாது. நான் கேட்பது, லிஸ்ட் யாரிடம் இருக்கிறது என்றுதான். கண்டுபிடிக்க இப்படிப் போகலாம்...

முதல் லிஸ்ட்: கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில், விருத்தாசலத்தில் பதிவான பீங்கான் யூனிட்டுகள் எத்தனை, எந்த வருடம் எத்தனை என்று கேளுங்கள்.

இரண்டாவது லிஸ்ட்: சைக்கிளை எடுங்கள். தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றுங்கள். எது ஓடுகிறது, எது பூட்டியிருக்கிறது என்று நீங்களே எழுதுங்கள். இந்த லிஸ்ட்டை எந்த வெப்சைட்டும் தராது.

மூன்றாவது லிஸ்ட்: ஓடுகிற யூனிட்டுகளில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். இருக்கிறது? தொழிலகப் பாதுகாப்புத் துறை கடைசியாக எப்போது சோதனைக்கு வந்தது? தூசு அளவு எடுத்தார்களா?

நான்காவது லிஸ்ட்: இந்த வட்டாரத்து அரசு மருத்துவமனைகளில் கடந்த பத்து வருடத்தில் பதிவான சிலிகோசிஸ் நோயாளிகள் எத்தனை? எண்ணிக்கை மட்டும் போதும். பெயர் கேட்காதீர்கள். அது அவர்களின் அந்தரங்கம்.

ஒருவேளை பதில் 'பூஜ்யம்' என்று வரலாம். பூஜ்யத்துக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. நோய் இல்லை, அல்லது யாரும் பார்க்கவில்லை. எது சரி என்று தெரிய, எக்ஸ்ரே எடுத்தார்களா என்று அடுத்த கேள்வி போட வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அச்சில் குழம்பு ஊற்றுகிற அக்காவோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். சூளை முதலாளியையும் பாருங்கள். அவர் சின்ன முதலாளி, குஜராத்தின் மோர்பி மாதிரி பிரமாண்டத் தொழில் நகரத்தோடும், சீனப் பீங்கானோடும் மல்லுக்கட்டுகிறவர். தூசு உறிஞ்சும் மெஷின் வைக்க அவரிடம் காசு இருக்கிறதா என்பதும் கதையில் வர வேண்டும். வில்லனை முடிவு செய்துவிட்டுக் கதை தேடினால் அது சினிமா. நம்ம வேலை அது இல்லை!

பத்து ரூபாய் ஆயுதம்

'நாங்க கேட்டா ஆபீஸ்ல கொடுப்பாங்களா?' கொடுக்க வைக்கச் சட்டமே இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் பிறப்பிலும் ரெண்டு லிஸ்ட்தான்! 1994-ல் ராஜஸ்தான் கிராமங்களில் எம்.கே.எஸ்.எஸ். என்ற தொழிலாளர் அமைப்பு, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை வாங்கி ஊர் நடுவில் சத்தமாகப் படித்தது. வேலைக்கே போகாதவர் பெயரிலும், செத்துப்போனவர் பெயரிலும் கூலி! அந்தக் கோபம்தான் தேசியச் சட்டமாக வளர்ந்தது. பெருமையான விஷயம், 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு.

* சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு மனு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய்.

* ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

* 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம்.

* 'ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. '2015 முதல் 2025 வரை வருடவாரியாக எத்தனை ஆய்வுகள் நடந்தன? ஆய்வறிக்கைகளின் நகல் தரவும்' என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

* 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல்களுக்கான விலக்கைப் பெரிதாக்கியிருக்கிறது. அதனால் ஆள் பெயரைவிட எண்ணிக்கையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

டூல்ஸ் பெட்டி

பயப்படாதீங்க, எல்லாம் ஓசியில் கற்கலாம்!

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ்: சார்ட், ஃபில்டர், பிவட் டேபிள் மூன்றும் வந்தால் பாதி ஜர்னலிஸ்ட். டேபுலா: பி.டி.எஃப்.பில் சிக்கிக் கிடக்கும் அட்டவணையை உருவி எடுக்கும். ஓப்பன் ரீஃபைன்: 'விருத்தாசலம்', 'விருத்தாச்சலம்', 'விருதாச்சலம்' என்று மூன்று விதமாக எழுதியிருப்பதை ஒரே ஊராக்கும். எங்க ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்! டேட்டா ராப்பர்: படம் போட. க்யூஜிஐஎஸ்: மேப் போட. அதற்கு மேல் ஆசை இருந்தால் எஸ்.க்யூ.எல்., பைத்தான்.

டேட்டாவுக்கு? மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, தேசியக் குடும்பநல ஆய்வு, சி.ஏ.ஜி. அறிக்கைகள், பட்ஜெட் புத்தகங்கள், டெண்டர் அறிவிப்புகள், வேட்பாளர்களின் சொத்து விவரத்தைத் தொகுக்கும் ஏ.டி.ஆர். அமைப்பின் தளம்... தேடத் தேடச் சுரங்கம். ஆனால், டேட்டாவின் பிறந்த தேதியைப் பாருங்கள். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011 எண்ணை வைத்தே காலம் ஓட்டினோம்.

இன்னொன்று, சதவீதத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு ஊரில் ரெண்டு விபத்து நாலானால் '100 சதவீதம் உயர்வு' என்று தலைப்பு போடலாம். பொய் இல்லை. ஆனால், உண்மையும் இல்லை!

எங்கே படிக்கலாம்?

டிகிரி எதுவானாலும் ஓகே. மெக்கானிக்கலோ, தமிழ் இலக்கியமோ, பி.காமோ தடையில்லை. சென்னை தரமணியில் உள்ள ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ தருகிறது. ஃபீஸ் லட்சங்களில், அதனால் உதவித்தொகை பற்றி முதலிலேயே விசாரியுங்கள். 2025-ல் தமிழ்நாடு அரசு சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இதழியல் எம்.ஏ. உண்டு. டெல்லியில் ஐ.ஐ.எம்.சி. இருக்கு. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி, படிக்கும்போதே நிருபராகும் வழிகளும் தமிழில் உண்டு.

வேலை? பெரிய ஆங்கில நாளிதழ்களில் டேட்டா டீம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய 'இந்தியா ஸ்பெண்ட்' டேட்டாவுக்காகவே பிறந்தது. 'தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' ஆவணங்களைத் தோண்டுவதையே முழுநேர வேலையாகச் செய்கிறது. 'தி இந்து'வில் தேசிய டேட்டா எடிட்டராக இருந்த ருக்மிணி எஸ்., 2021-ல் 'ஹோல் நம்பர்ஸ் அண்ட் ஹாஃப் ட்ரூத்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். பிறகு சென்னையிலிருந்தே 'டேட்டா ஃபார் இந்தியா'வை ஆரம்பித்தார். தமிழில்? ஆட்கள் மிகக் குறைவு. வருத்தமான விஷயம்தான். ஆனால், லைனில் நிற்பவர்களும் குறைவு என்றால் உங்களுக்கு அது சான்ஸ்!

டவுட் கார்னர்

சம்பளம் வருமா?

வரும். ஆனால், ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து அழக்கூடாது. ஆரம்பம் பல இடங்களில் குறைவுதான். வீட்டில் எஜுகேஷன் லோன் ஓடுகிறது என்றால் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாக எழுதுகிறவர்களும் உண்டு. டேட்டா அனலிஸ்ட் திறமை எங்கேயும் வீண் போகாது.

ஆபத்து இல்லையா?

இருக்கு. மறைக்கக் கூடாது. மணல், கல்குவாரி, டெண்டர் என்று எழுதினால் மிரட்டல் வரும். அவதூறு வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான். தற்காப்பு என்ன? ஆவணம் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். 2016-ல் வந்த பனாமா பேப்பர்ஸை 300-க்கும் மேற்பட்ட நிருபர்கள் சேர்ந்து செய்தார்கள். கூட்டமாக இருந்தால் ஒருவரை மட்டும் குறிவைத்து மிரட்ட முடியாது.

எழுதினா மட்டும் எல்லாம் மாறிடுமா?

சில நேரம் மாறாது. போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற நிருபர், யூனியன் கார்பைடு ஆலை ஊரையே அழிக்கும் என்று 1982-லேயே எழுதி எச்சரித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தது. ஆனால், அவர் எழுதி வைத்ததால்தான் 'எங்களுக்கு முன்னாடியே தெரியாது' என்று யாராலும் தப்பிக்க முடியவில்லை.

ஏ.ஐ. வந்து இந்த வேலையையும் சாப்பிடாதா?

ரெண்டு லிஸ்ட்டை ஒப்பிட அது உதவும். ஆனால், தொழிற்பேட்டையைச் சைக்கிளில் சுற்றி, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. எடுக்கப்படாத எக்ஸ்ரேயை அதனால் படிக்க முடியாது.

ஹோம் ஒர்க்!

செமஸ்டர் லீவு வருதில்ல? உங்கள் ஊர் எதற்குப் பெயர் போனதோ, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி எடுங்கள். சிவகாசியாக இருந்தால் பட்டாசு விபத்து. திருப்பூர் என்றால் சாயக்கழிவு. ராமேஸ்வரம் என்றால் திரும்பி வராத படகுகள். உங்கள் காலேஜே கூடப் போதும். பிளேஸ்மென்ட் போர்டில் எழுதியிருக்கும் எண் ஒரு லிஸ்ட், உண்மையில் வேலையில் சேர்ந்த சீனியர்கள் இன்னொரு லிஸ்ட். ஒப்பிட்டுப் பாருங்களேன், சுவாரசியமாக இருக்கும்!

பத்து ரூபாய்க்கு மனு, முப்பது நாள் காத்திருப்பு, ஒரு நோட்டு, ஒரு சைக்கிள். இதைவிடச் சீப்பாக ஒரு தொழில் தொடங்க முடியுமா சொல்லுங்க? பெரிய பத்திரிகை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் எண்ணப்படாமல் யாரோ ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார். அவரை எண்ணுகிற முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

என்ன பாஸ், முதல் மனு யாருக்கு?